விடுபட்ட ஒரு தொடர்: யார்க் ரிட்ரீட்டும் பணியாளர் பயிற்சியின் தொடக்கமும்

கை ஓங்கும் நோயாளியைக் கட்டாமல் தணிக்க மருத்துவமனைப் பணியாளர் எப்போது கற்றுக்கொண்டார்கள் என்ற கேள்வி, இங்கிலாந்தின் யார்க் நகரத்து ரிட்ரீட்டில் போய் நிற்கிறது. 1796இல் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் திறந்த அந்த மனநோயாளர் இல்லத்தைப் பற்றிய நம் பார்வையை, 1961இல் வெளிவந்த மிஷேல் ஃபூக்கோவின் ‘பித்தின் வரலாறு’ இன்றும் ஆள்கிறது. இரும்புச் சங்கிலியைக் கழற்றியவர்கள் குற்றவுணர்வைச் சங்கிலியாக மாட்டினார்கள் என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் எடுத்தாளும் முக்கியமான சான்று ஒன்றை மூலத்தோடு ஒப்பிட்டபோது, என்னால் கடந்துபோக முடியாத ஒரு வேறுபாடு கண்ணில் பட்டது.

சாமுவேல் டியூக் 1813இல் எழுதிய ரிட்ரீட் வரலாற்றில் உள்ள நிகழ்ச்சி அது. ஏறத்தாழ முப்பத்து நான்கு வயது மனிதர், மலைபோன்ற உடம்பு. கைவிலங்கைக் கழற்றாமலே உடுத்தவும் களையவும் தோதாக அவருடைய உடைகளில் நாடாக்கள் வைத்துத் தைத்திருந்தார்கள். அத்தனை காலம் விலங்கில் கிடந்தவர். வந்ததும் விலங்கை எடுத்துவிட்டு, மேற்பார்வையாளர்கள் இரவு உணவு உண்ணும் இடத்துக்கே அழைத்துப்போய்ச் சாப்பிட வைத்தார்கள். நடத்தை சரியாக இருந்தால் கட்டுப்படுத்தத் தேவையிராது என்று பிறகு எடுத்துச் சொன்னார்கள். அவரும் தம்மை அடக்கிக்கொள்வதாக வாக்களித்தார். இதுவரை இரண்டு நூல்களும் ஒத்துப்போகின்றன.

அதற்குப் பின்தான் பிரிகின்றன. டியூக் சொல்வது இது: அந்த மனிதர் அடிக்கடி கூச்சலிட்டுப் பணியாளர்களை மிரட்டுவார், பணியாளர்களோ தற்காப்புக்காகக் கைகளைப் பிணைக்கும் சட்டையை மாட்டிவிடத் துடிப்பார்கள். அப்போது மேற்பார்வையாளர் அறைக்குள் போவார். அவரைக் கண்டதும் ஆவேசம் முதலில் கூடும். மேற்பார்வையாளர் நோயாளியின் பக்கத்தில் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஆவேசம் தணியும், பிறகே பேச்சு. நான்கு மாதத்தில் நோயாளி குணமாகி வெளியேறினார்.

ஃபூக்கோவின் பக்கத்தில் மிரட்டப்படுபவர்கள் பணியாளர்கள் அல்லர், உடனிருப்போர். மேற்பார்வையாளர் உள்ளே வந்து முதல் நாள் எச்சரிக்கையையும் வாக்குறுதியையும் நினைவூட்டுகிறார். ஆவேசம் கூடிப் பின் தணிகிறது. நட்போடு வந்த மேற்பார்வையாளரின் பேச்சை நோயாளி கவனித்துக் கேட்டார் என்ற பகுதியை ஃபூக்கோ வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் உட்கார்ந்தது மட்டும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் எச்சரிக்கை வந்து அமர்ந்துவிட்டது.

ஒரு தொடரை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்கலாம். பேசலாம், பேசியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் ஃபூக்கோவின் முடிவு முழுவதும் நோயாளியைத் தணித்தது எது என்பதில்தான் தொங்குகிறது. டியூக்கின் வரிசையில் தணித்தது நினைவூட்டல் அன்று. நேரமும் அருகாமையும் மௌனமும். நோயாளி கல்லை ஓங்கியபோது மேற்பார்வையாளர் பார்வையாலும் குரலாலும் அடக்கிய இன்னொரு நிகழ்ச்சியையும் டியூக் சொல்கிறார். அங்கே ஃபூக்கோவின் விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. அச்சத்துக்கும் பயன் உண்டு என்று டியூக்கே ஒப்புக்கொண்டவர். ஆக, ரிட்ரீட்டில் இரண்டு வழிகள் இருந்தன. ஃபூக்கோ ஒன்றையே காட்டினார்.

நிகழ்ச்சியின் காலத்தை உறுதிசெய்ய வழியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்பதோடு டியூக் நின்றுவிடுகிறார். மேற்பார்வையாளரின் பெயரும் இல்லை. 1797 முதல் அப்பொறுப்பில் இருந்த ஜார்ஜ் ஜெப்சனாக இருக்கலாம் என்பது ஊகம் மட்டுமே.

ஃபூக்கோ பணியாளர்களை அந்தக் காட்சியிலிருந்து நீக்கியதால் பயிற்சியின் வரலாறே மறைந்துபோகிறது. டியூக்கின் அறையில் திறமை ஒருவரிடம் இருக்கிறது. அடி வாங்கக்கூடியவர்கள் வேறு. இந்த இடைவெளிதான் அடுத்த நூறாண்டுச் சிக்கல். லிங்கன் மருத்துவமனையில் கட்டுகளை ஒழித்த ராபர்ட் கார்டினர் ஹில், உயரமும் வலுவும் உள்ள பணியாளர் வேண்டும் என்றார். 1839இல் ஹான்வெல்லில் ஜான் கொனோலி அதே வழியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பணியாளருக்கென்று கையேடு 1885இல்தான் வந்தது. மருத்துவ உளவியல் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வு 1891இல்.

பின்னர் பயிற்சி திசைமாறியது. 1984இல் பிராட்மூர் மருத்துவமனையில் மைக்கேல் மார்ட்டின் என்ற நோயாளி இறந்தபின் நடந்த விசாரணை, பணியாளருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்றது. ஆயத்தமாகக் கிடைத்தது 1981 முதல் சிறைத்துறை கற்பித்துவந்த பிடிமுறை. அது மருத்துவமனைக்குள் வந்தது. கைகள் பிடிக்கக் கற்றன. 1998இல் நாரிச் நகரில் டேவிட் பென்னட் என்ற கறுப்பின நோயாளியைப் பணியாளர்கள் குப்புறக் கிடத்தி இருபது நிமிடத்துக்கும் மேல் அழுத்திப் பிடித்திருந்தார்கள், அவர் இறந்தார். குப்புறப் பிடிப்பது மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது. பலப் பிரயோகத்தைத் தவிர்க்கும் முறைகளைப் பணியாளருக்குக் கற்பிப்பது சட்டக் கடமையானது 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால். 2010இல் இதே விதமாக இறந்த ஒலசெனி லூயிஸின் பெயரால் அது அறியப்படுகிறது.

மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தபோது, சட்டையை மாட்டத் துடித்த அந்தப் பணியாளர்கள் அறைக்குள் நின்று பார்த்தார்களா, கதவுக்கு வெளியே காத்திருந்தார்களா என்று டியூக் எழுதவில்லை.