சேமிப்பகக் குளிரூட்டிகளும் மிகைப்பட்ட விளம்பரங்களும்

கணனிகளில் வன்தட்டின் இடத்தைப் பிடித்துவரும் எஸ்.எஸ்.டி. எனும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகங்கள் இல்லை. எனினும், அதன் கட்டுப்பாட்டுச் சில்லு வெப்பமடைகின்றது. வெப்பம் வரம்பு மீறின், சேதத்தைத் தவிர்க்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். செக்கனுக்கு 10,000 மெகாபைட்டைக் கடக்கும் ஐந்தாம் தலைமுறைப் பி.சி.ஐ.இ. சேமிப்பகங்களுக்கு வெப்பத்தை அகற்றும் உலோகத் தகடு அவசியமே. ஆனால், ஏறத்தாழ 550 மெகாபைட்டுடன் நின்றுவிடும் சாட்டா வகைக்கு அது வீண் செலவாகும்.

குளிரூட்டி உள்ள வேகத்தைக் காக்குமேயன்றி, இல்லாத வேகத்தைத் தராது. விளம்பரங்கள் கூறும் வேகமோ, பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாக வாசிக்கையில் கிட்டும் உச்ச அளவாகும். நாளாந்தப் பணிகளில் அது அரிதாகவே எட்டப்படுகின்றது. அலங்கார விளக்குகள் பொருத்திய குளிரூட்டிக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு, முக்கிய கோப்புகளுக்கு மற்றொரு பிரதி எடுத்து வைப்பதே விவேகமானது என நாம் கருதுகின்றோம்.