வயிற்றில் கரைத்த புளியும் நோயாளி மேல் விழுந்த பழியும்

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ரெண்டு வருஷம் ரத்தமும் சளியுமாகப் பேதி போய்க்கொண்டு திரிந்தார். போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான்: "டென்ஷன் ஆகாதீங்க, எல்லாம் மனசுதான்." கடைசியில் கொலோனோஸ்கோபி பார்த்தபோது பெருங்குடல் முழுக்கப் புண். நோயின் பெயர் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். அந்த 'எல்லாம் மனசுதான்' எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்த கதை இது.

மனசுக்கும் வயித்துக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'வயித்துல புளியைக் கரைக்குது' என்று சும்மாவா சொன்னார்கள்! 1890களின் கடைசியில், எக்ஸ்-ரே புதிதாக வந்த சமயம், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன் பூனைகளுக்கு பிஸ்மத் கலந்த தீனி கொடுத்து, இரைப்பை அசைவதைத் திரையில் பார்த்தார். பூனை மிரண்டால் அசைவு நின்றுவிடும். அமைதியானதும் மறுபடி தொடங்கும்.

1940களின் கடைசியில் நியூயார்க்கில் தாமஸ் ஆல்மி இன்னும் ஒரு படி மேலே போனார். பரிசோதனைக்குச் சம்மதித்த ஒரு மருத்துவ மாணவரின் குடலைக் குழாய் வழியே பார்த்துக்கொண்டே, அங்கே புற்றுநோய் இருப்பதுபோல் நாடகம் ஆடினார்கள். குடல் இறுகிச் சுருங்கியது. பொய் என்று தெரிந்ததும் தளர்ந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.

இதுவரை சரி. பதற்றம் குடலை இறுக்கும், ஓட வைக்கும். ஆனால் பதற்றம் குடலில் புண்ணை உண்டாக்குமா? அது வேறு கேள்வி. அந்தக் காலத்தில் பலர் ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள்.

சிகாகோவின் மனப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் 1950இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு, மனசால் வரும் 'ஏழு நோய்கள்' என்றே ஒரு பட்டியல் புழங்கியது. ஆஸ்துமா, ரத்த அழுத்தத்தோடு கோலைட்டிஸும் அதில் உண்டு. இந்த நோயாளிகள் பக்குவப்படாதவர்கள், அம்மாவின் பிடியிலிருந்து விடுபடாதவர்கள் என்று மருத்துவக் கட்டுரைகள் எழுதின. நோயாளிக்கும் பழி, பெற்றவளுக்கும் பழி.

1955இல் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 210 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கார்ட்டிசோன் கொடுத்தவர்களில் ஆறு வாரத்தில் நோய் அடங்கியது சுமார் 41 சதவீதம் பேருக்கு. கொடுக்காதவர்களில் 16 சதவீதம். மருந்து கேட்டதாலேயே நோயின் காரணம் தெரிந்துவிடாதுதான். ஆனால் அடக்க வேண்டியது குடலின் அழற்சியை என்பது தெளிவானது.

பழைய கருத்து அப்போதும் போகவில்லை. 1990இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இது பற்றிய 138 ஆய்வுகளை எடுத்துச் சலித்தார்கள். பெரும்பாலானவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே இல்லை. முறையாகச் செய்த சிலவற்றில் மனநோய்த் தொடர்பு தெரியவில்லை. யோசித்துப் பாருங்க: ஒரு நாளைக்குப் பத்து தடவை கழிப்பறைக்கு ஓடுபவர், பஸ் ஏறவே பயப்படுபவர், பதற்றக்காரராகத்தானே தெரிவார்? விளைவைக் காரணம் என்று நினைத்துவிட்டார்கள்.

அதற்காக மனசை விட்டுவிடலாமா? கூடாது. இந்த நோயாளிகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். மன அழுத்தம் அறிகுறிகளை மோசமாக்கவும் செய்யும். குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் சேதி கொண்டுபோவது கீழிருந்து மேலேதான். புண் எதுவும் தெரியாத ஐபிஎஸ் போன்றவற்றைக்கூட 2016 முதல் 'குடல்-மூளை ஊடாட்டக் கோளாறு' என்றே வகைப்படுத்துகிறார்கள். அதாவது பாதை இருவழி.

அண்ணன் இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறார், மனநல ஆலோசனைக்கும் போகிறார். ரெண்டும் தேவைப்பட்டது. தேவைப்படாதது அந்தப் பழி மட்டும்தான்.