சோழியில் கிரகணம் சொன்ன புதுச்சேரி

மனப்பாடம் செய்து கணக்குப் படிப்பது நல்லதா, கெட்டதா? இந்தக் கேள்விக்குப் புதுச்சேரியில் ஒரு பழைய கதை உண்டு.

வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளக்கப் புறப்பட்டவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி. 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் அவரால் கரையிறங்க முடியவில்லை. கடப்பைக் கப்பலிலிருந்துதான் பார்த்தார். ஆடும் கப்பலில் அளவு எடுக்க முடியுமா? அடுத்த கடப்புக்காக 1768-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1769 ஜூன் 4 காலை, வானத்தை மேகம் மூடிக்கொண்டது. பாவம், எட்டு வருடக் காத்திருப்பு வீண்!

ஆனால் ஊர் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கிரகணம் கணிக்கும் முறையை உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் அவர் கற்றார். பேனா இல்லை, காகிதம் இல்லை; சோழிகளும் நினைவாற்றலும் மட்டுமே. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நேர அளவை அந்த முறை 41 விநாடி குறைவாகச் சொன்னது. அக்கால ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளுள் ஒன்றான மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூடுதலாகச் சொன்னது.

1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்தித்தார். அவரும் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களாக மனதில் பதிந்த அட்டவணைகளைக் கொண்டு அந்த ஆண்டு மே 31 கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடமே பிசகியது. ஆனால் நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் தவறின. அவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல்தான் பெரிது என்று வாரன் எழுதினார்.

அப்படியானால் மனப்பாடம் வெறும் கிளிப்பிள்ளைப் பாடமா?

அக்காலத் திண்ணைப் பள்ளிக்குள் எட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிப் படித்தார்கள். பொன்னிலக்கத்தில் பின்னங்கள்: 320-இல் ஒரு பங்கு முந்திரி, இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா. நெல்லிலக்கத்தில் ஆழாக்கு, உழக்கு, நாழி, குறுணி, கலம். பிறகு எண்சுவடி வாய்ப்பாடு. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னையில் இந்த மணல் எழுத்தைக் கண்ட ஆண்ட்ரூ பெல் அதை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் பின்பற்றினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அவரது முறை 1797-இல் நூலாக வந்து, 'மெட்ராஸ் முறை' என இங்கிலாந்துக்கும் போனது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு இந்தச் சுவடிகளை ஆராய்ந்து 2022-இல் நூல் வெளியிட்டார். திண்ணைப் பள்ளியில் நினைவாற்றல் என்பது பொருள் தெரியாமல் ஒப்பிப்பது அல்ல, அதுவே ஒரு கற்கும் முறை என்பது அவர் வாதம். அது உண்மைதான் என்று தோன்றுகிறது. குறுணி என்று சொன்ன பிள்ளை வீட்டில் நெல் அளப்பதைப் பார்த்தவன். அவனுக்கு எண் என்பது களத்து மேட்டில் கிடக்கும் பொருள். கணக்கு எதற்கு என்று அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டவில்லை. நெல்லை விளைவித்த கை ஒன்று, அளந்து கணக்கு எழுதிய கை வேறு.

பஞ்சாங்கக் கணிதரின் 4 நிமிடம் மனப்பாடத்தின் பலம். 52 நிமிடம் அதன் எல்லை. ஏன் பிசகியது என்று கண்டுபிடிக்கக் கோட்பாடு வேண்டும். வாய்ப்பாடும் வேண்டும், 'ஏன்' என்ற கேள்வியும் வேண்டும். இரண்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். அப்போதுதான் கணக்கு கசக்காது!