எடைக்குப் போடும் முன் அந்தப் பழைய சைக்கிளை ஒரு தடவை பாருங்க



திருவண்ணாமலையைச் சுத்தியுள்ள நம்ம கிராமங்களுக்குப் பழைய இரும்புக்காரர் வந்தால், முதல்ல வெளியே வருவது மாட்டுக் கொட்டகையில சாய்ஞ்சு கிடக்கிற தாத்தா காலத்து சைக்கிள்தான். கிலோ கணக்குல எடை போட்டு வாங்கிட்டுப் போயிடுறார். ஆனா சைக்கிள் பிரேமோட தரத்தை எடை சொல்லாது. குழாயும் மூட்டும்தான் சொல்லும். அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதுறேன்.

இரும்பு நமக்குப் புதுசு இல்லை. நம்ம கவுத்தி மலை, வேடியப்பன் மலையிலேயே இரும்புத்தாது இருக்கு. கஷ்டமான வேலை, எஃகை மெல்லிசா, ஒரே சீரா, உள்ளே வெறுமையா குழாய் ஆக்குவது. மூங்கிலைப் பாருங்க. உள்ளே ஒண்ணுமில்லை, ஆனாலும் பாரம் தாங்குது. வளையும்போது இழுப்பும் அழுத்தமும் ஓரத்துலதான் அதிகம். நடுவுல இருக்கிற பொருளுக்கு வேலை குறைவு. அதனால ஒரே எடை எஃகுல கம்பியா செய்வதைவிடக் குழாயா செய்தால் பலம் அதிகம்.

1885ல இங்கிலாந்துல ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் செயின் இழுக்கிற ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். அதே காலத்துல ஜெர்மனியில மானெஸ்மான் சகோதரர்கள் தையல் இல்லாத எஃகுக் குழாய் செய்யும் முறையைக் கண்டுபிடிச்சாங்க. 1897ல பர்மிங்காம் நகரத்துல ஆணி செய்துக்கிட்டிருந்த ரெனால்ட்ஸ் கம்பெனி இன்னொரு வழி கண்டது: குழாயோட ரெண்டு முனையும் தடிமன், நடுவுல மெல்லிசு. மூட்டு வர்ற இடத்துலதான் சூடும் பாரமும் அதிகம். அங்கே மட்டும் எஃகு கூடுதலா இருந்தா போதும். அந்தக் குழாய் பெரும்பாலும் விலை கூடின பந்தய சைக்கிள்களுக்குப் போச்சு. நம்ம ஊர் கறுப்பு சைக்கிளுக்கு முழுக்க ஒரே தடிமன் குழாய்தான்.

சுதந்திரம் வரைக்கும் இங்கே ஓடின நல்ல சைக்கிள் பெரும்பாலும் இங்கிலாந்துலேருந்து கப்பல்ல வந்தது. 1949ல முருகப்பா குடும்பத்தார், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோட சேர்ந்து சென்னை அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினாங்க. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கேருந்து வந்ததுதான். 1955ல பக்கத்துல ஆவடியில குழாய்த் தொழிற்சாலையும் வந்துச்சு. எஃகுப் பட்டையை உருட்டிச் சுருட்டி, விளிம்பு சேரும் இடத்தை மின்சாரத்தால ஒட்டவைக்கிறாங்க. சைக்கிள் மட்டுமில்ல, அதுக்கான குழாயும் தமிழ்நாட்டுலயே கிடைக்க ஆரம்பிச்சது.

அடுத்து மூட்டு. பழைய பிரேம்ல ஹேண்டில்பார் கழுத்துக்கிட்ட, குழாய் ஒரு எஃகு உறைக்குள்ள நுழையும். சைக்கிள் தொழில்ல அதுக்கு ‘லக்’ன்னு பேர். உறைக்கும் குழாய்க்கும் நடுவுல உருகின பித்தளை இறங்கி ரெண்டையும் பிடிச்சுக்கும். பித்தளை சுமார் 900 டிகிரியில உருகும். எஃகு உருக 1400 டிகிரிக்கு மேல வேணும். அதனால குழாய் உருகாது. அளவுக்கு மீறிச் சுட்டால் மட்டும் அந்த இடத்துல எஃகு கெட்டுப்போகும். வெல்டிங் வெச்ச பிரேம் எல்லாம் மட்டம்னு சொல்லலை. நிதானமா வெச்ச வெல்டிங் நல்லாவே தாங்கும். அவசரத்துல வெச்சதுதான் ஓரத்துல விரியும்.

பால் கேனு, தேங்காய், மல்லாட்டை மூட்டைன்னு இந்தப் பிரேம்கள் நம்ம ரோட்டுல சுமக்காதது இல்லை. 1980ல டி.வி.எஸ். 50 வந்த பிறகு பாரம் கொஞ்சம் கொஞ்சமா அதுக்கு மாறிச்சு. சைக்கிள் கொட்டகைக்குப் போச்சு.

எடைக்குப் போடும் முன் மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, கழுத்துக்குக் கீழே சாய்ஞ்சு இறங்கும் குழாயோட அடிப்பக்கத்தை விரலால தடவுங்க. பெயிண்ட் சுருக்கமோ மேடோ தட்டுப்பட்டா எங்கேயோ பலமா மோதியிருக்கு.

ரெண்டு, மூட்டு ஓரத்துல முடி மாதிரி துருக் கோடு இருக்கான்னு பாருங்க. எஃகுல விரிசல் பெரும்பாலும் இப்படித்தான் முதல்ல தெரியும்.

மூணு, பின்சக்கரத்தைக் கழட்டி, அச்சு உட்காரும் ஒரு பக்கத்துலேருந்து நூலைக் கட்டி, கழுத்தைச் சுத்தி மறுபக்கத்துக்கு இழுத்துக் கட்டுங்க. சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா பிரேம் நேரா இருக்கு.

மூணும் சரின்னா டயர், டியூப், செயின், பால்ரஸ் மாத்தினா போதும், வயலுக்குப் போய்வர சைக்கிள் தயார். லேசான கோணலா இருந்தாலும் விவரம் தெரிஞ்ச சைக்கிள் கடைக்காரர் நிமிர்த்திடுவார். விட்டுப்போன மூட்டையும் திரும்பப் பத்தவைக்கலாம். கழுத்துப் பக்கம் குழாயே விரிசல் விட்டிருந்தா மட்டும் அதுல பாரம் ஏத்தாதீங்க. அதைத் தாராளமா எடைக்குக் கொடுத்துடுங்க.