பாகற்காயும் கர்லாக்கட்டையும்

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்ரயில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்து அத்திப்பட்டு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலர், ‘சிட்டிசன்’ படத்தில் வரைபடத்திலிருந்தே அழிந்துபோன ஊர்தானே என்பார்கள். அது அத்திப்பட்டி, கதைக்காகக் கட்டிய ஊர். இது அத்திப்பட்டு. 1994இல் வடசென்னை அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலந்த கதை தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நமக்கு வேண்டியது, மின் நிலைய, துறைமுக வேலைகளைத் தேடி வந்த பீகார், உத்தரப்பிரதேச ஆட்கள் கொண்டுவந்த ஒரு காய்ப் பெயர். காய்கறிக் கடையில் அவர்கள் ‘கரேலா’ என்கிறார்கள், கடைக்காரர் பாகற்காயை நிறுக்கிறார். இந்த வியாபாரத்துக்கு இருவருக்கும் இப்போது மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

அந்தச் சொல் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல என்பதே என் கட்சி. வடசென்னையின் பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் அது வெகுகாலமாக மூலையில் சாய்ந்து நிற்கிறது. அங்கே அதன் பெயர் கர்லா.

கர்லாக்கட்டையைப் பார்க்காதவர்களுக்காக: அடி பெருத்து, மேலே வர வர இளைத்து, பிடியாகச் சிறுத்து, கை நழுவாதிருக்க நுனியில் ஒரு குமிழ் வைத்துக் கடைந்த கட்டை. புளி, வேம்பு, தேக்கு என்று கிடைத்த மரத்தில் செய்வார்கள். ஒரு கைக்கு ஒன்றாக இணையாகச் சுற்றுவதும் உண்டு; ஒரே பெருங்கட்டையை இரு கையாலும் சுற்றுவதும் உண்டு. டம்பெல்லில் எடை உள்ளங்கைக்கு இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்திருக்கும். அது கீழ்நோக்கி இழுக்கும், அவ்வளவுதான். கர்லாவின் எடை பிடியை விட்டுத் தள்ளிப்போய் அடியில் திரண்டிருக்கும். சுற்றும்போது அது வெளிப்பக்கமாக இழுக்கிறது. கட்டையைத் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டு, முழங்கை வானத்தைப் பார்க்க, முதுகை உரசாமல் வளைத்து மறு தோள் வழியே முன்னால் கொண்டுவர வேண்டும். தூக்கும் பலம் பாதி வேலைதான் செய்யும். ஓடுகிற எடையை எங்கே விடுவது, எங்கே பிடித்து நிறுத்துவது என்று தோள்மூட்டைச் சுற்றிய சிறு தசைகள் ஒவ்வொன்றும் கற்றுக்கொள்ள வேண்டும். கற்பதற்கு முன் கனமான கட்டையை எடுத்தவனுக்குப் பாடம் மண்டையில் கிடைக்கும்.

இந்தக் கட்டைக்கு ஏன் கர்லா என்று பெயர்? தமிழ் வழி ஒன்று சொல்கிறார்கள். ‘கரளை’ என்பது முண்டும் முடிச்சுமாகத் திரண்டிருப்பது. பயில்வானின் புஜத்தைக் ‘கரளை கரளையாக’ என்று வருணிக்கிறோம். ஆகவே கரளைக்கட்டை, அது திரிந்து கர்லாக்கட்டை. கேட்க இனிமையாக இருக்கிறது; பொருளும் ஒட்டுகிறது. ஆனால் மூன்று தடைகள். கர்லாக்கட்டை முண்டு முடிச்சு இல்லாமல் வழவழவென்று கடைந்தெடுத்தது. கரளை சுற்றுபவன் உடம்பில்தான் வருகிறது, கட்டையில் இல்லை. அடுத்து, தமிழில் ளகரம் இருக்கும் சொல்லை வாய் எளிதாக லகரமாக்கி, நடு உயிரை விழுங்கி, ஈற்றை ஆகாரமாக நீட்டுவானேன்? மூன்றாவதுதான் பெரிது: மராத்தியில் இதே கட்டைக்குப் பெயர் ‘கரேல்’. மராத்தியில் பாகற்காய் ‘கார்லே’, இந்தியில் ‘கரேலா’.

கரேலைப் பாகற்காயோடு சேர்ப்பது என் தீர்ப்பு. காம்பைப் பிடித்து ஒரு பாகற்காயைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒடுங்கிய பிடியும் பருத்த உடலுமாக அதே உருவம். காசிப் பக்கத்து அகாடா என்னும் மற்போர்க் கூடங்களில் இரட்டைக் கட்டைக்கு ‘ஜோடி’ என்று பெயர். அவற்றில் சிலவற்றுக்கு உடம்பெல்லாம் ஆணி பதித்திருப்பார்கள், சுற்று பிசகினால் தோல் கிழியட்டும் என்று. அந்த ஆணிக்கட்டையைக் கண்டவன் முள்ளுப் பாகலை நினைக்காமல் இருக்க முடியாது. ஆயுதங்களுக்கும் கருவிகளுக்கும் காய்ப் பெயர் வைப்பது படைவீரர்களின் பழைய விளையாட்டு.

அப்படியானால் மராத்திச் சொல் நம் ஊருக்கு எப்படி நடந்து வந்தது என்ற கேள்விக்கு வரலாறு நீட்டி முழக்காமல் பதில் சொல்கிறது. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராத்தியர் ஆட்சி. வடக்கே ஆற்காட்டு நவாபு; 1768 வாக்கில் அரண்மனையே சேப்பாக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்கும் முன் நாயக்கர் காலத்துத் தெலுங்குப் படைகள். கூலிப்படைகள் ஊர் ஊராக முகாமிட்ட நூற்றாண்டுகளில், போர் இல்லாத காலையில் வீரன் என்ன செய்வான்? கட்டையைச் சுற்றுவான், மண்ணில் புரளுவான். பக்கத்து ஊர்ப் பையன் வேலியோரம் நின்று பார்ப்பான். சொல்லும் கருவியும் சேர்ந்தே கைமாறியிருக்கின்றன.

இதனால் தமிழனுக்கு மற்போர் தெரியாதிருந்தது என்று பொருளில்லை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் புறநானூற்றின் 80ஆம் பாட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டத்தை ஒரு துறைமுகத்துக்கே சூட்டினான். ‘மல்’ நம்மிடம் இருந்தது. பிற்காலத்தில் கூடத்தை நடத்தியவர்கள் மாறினார்கள். கூடத்தின் பேச்சும் மாறியது.

எவ்வளவு மாறியது என்பதற்கு ஒரு சுற்று வந்தால் போதும். ஆசிரியருக்கு வஸ்தாத், பாரசீகத்து உஸ்தாத். சண்டைக்குக் குஸ்தி, அதுவும் பாரசீகம். மண்ணைக் கிளறிப் போட்ட களம் கோதா. தெலுங்கிலும் மலையாளத்திலும் அதே பெயர். இன்று தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சியும் அதில்தான் இறங்குகின்றன. கையூன்றிக் குனிந்து எழுவது தண்டால். வட இந்தியாவில் தண்ட். உட்கார்ந்து எழுவது பஸ்கி. கன்னடத்திலும் பஸ்கி, அதற்குப் பின்னால் ‘உட்கார்’ என்னும் பொருளுள்ள மராத்திய ‘பஸ்ணே’ நிற்பதாகவே நான் கொள்கிறேன். சிலம்பக் கூடத்துக்குக் கரடிக்கூடம் என்றொரு பெயர் உண்டு. கரடி அங்கே எதற்கு வந்தது என்று விழிக்க வேண்டாம். கன்னடத்தில் பயிற்சிக்கூடம் ‘கரடிமனை’, தெலுங்கில் ‘கரிடி’. காட்டு விலங்குக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

பயில்வான் கதை இன்னும் சுவையானது. மூலம் பாரசீகத்தின் ‘பஹ்லவான்’. தமிழ் வாய்க்கு வந்ததும் அது ‘பயில்’ என்ற வினையைத் தாயாகப் பிடித்துக்கொண்டது: பயில்பவன் பயில்வான். அயல்சொல் இவ்வளவு சாமர்த்தியமாகத் தமிழ்க் குடும்ப அட்டை வாங்கியதற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. கரளை–கர்லா உறவையும் நான் இந்தக் கணக்கில்தான் எழுதுவேன். அதை வெறும் பிழை என்று தள்ள எனக்கு மனமில்லை. வந்தவனை உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது நம் காதின் பழக்கம். ஆனாலும் சொல்லாராய்ச்சியில் உறவுமுறை வேறு, இரத்த உறவு வேறு. ‘கட்டுமஸ்து’ இதில் நேர்மையானது. முன்பாதி தமிழ்க் கட்டு, பின்பாதி பாரசீக மஸ்த். இரண்டும் மறைக்காமல் தோளோடு தோள் நிற்கின்றன.

கட்டையின் வெளிநாட்டுப் பயணத்தையும் சொல்ல வேண்டும். கும்பினிப் பட்டாளத்தின் வெள்ளைக்காரர்கள் சிப்பாய்கள் சுற்றுவதைப் பார்த்து, தாங்களும் சுற்றிப் பார்த்து, அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1830களில் டொனால்டு வாக்கர் தன் உடற்பயிற்சி நூல்களில் அதை வரைந்து விளக்கினார். 1836இல் பெண்களுக்கென எழுதிய நூலில் எடை குறைத்து, ‘இந்தியச் செங்கோல்’ என்று பெயரையும் மெருகேற்றிவிட்டார். முகாம் மண்ணில் பாகற்காயாக இருந்தது லண்டன் வரவேற்பறையில் செங்கோலானது. 1866இல் நியூயார்க்கின் சிம் கீஹோ இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கட்டை கடைந்து விற்பதும் அவர் தொழில். ஒலிம்பிக்கில் கட்டைச் சுழற்றல் இரண்டு முறை போட்டியாக இருந்தது, 1904 செயின்ட் லூயிஸிலும் 1932 லாஸ் ஏஞ்சலஸிலும். முதல்முறை வென்றவர் எட்வர்டு ஹென்னிக், இரண்டாம் முறை ஜார்ஜ் ரோத், இருவரும் அமெரிக்கர்கள். பெருமந்தத்தில் வேலையிழந்திருந்த ரோத், தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்து சாலையில் கைகாட்டி வண்டி பிடித்து வீடு போனார் என்று சொல்வார்கள். இன்று சீரிசை ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் மேலே வீசிப் பிடிக்கும் மெல்லிய கட்டைகள் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிகள். இந்தியாவிலிருந்து போன கட்டையைச் சுற்றிய அந்த இரண்டு போட்டிகளிலும் பதக்கம் வாங்க ஓர் இந்தியன் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சொற்கள் இந்தப் பக்கம் வந்தன. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களில் வஸ்தாத் இடத்துக்கு டிரில் மாஸ்டர் வந்தார். ஜெர்மானியப் பலவான் யூஜின் சாண்டோவின் பெயர் இங்கே ஒருவிதப் பட்டமாகவே ஆனது. தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவர் ‘சாண்டோ’வைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். பட்டம் தேய்ந்து, கையில்லாத பனியனுக்கு இறங்கியது. சாண்டோ பனியன் போட்டவரெல்லாம் ஒரு பலவானின் பெயரை மேலில் போட்டிருக்கிறார். தொந்தி அவர் விருப்பம்.

இப்போது ஜிம். மீஞ்சூர் சாலையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, ஷிப்ட் முடிந்து வரும் இளைஞர்களை நம்பி மாடிக்கு மாடி ஜிம் இருக்கிறது. சொற்களெல்லாம் ஆங்கிலம்: புஷ்-அப், ஸ்குவாட், செட், ரெப். ஒரே அசைவு பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம், வஸ்தாத் முன்னால் பஸ்கி, கண்ணாடி முன்னால் ஸ்குவாட். பெயர்ச்சொற்களைக் கணக்கெடுப்பவர் இங்கே ஒப்பாரி வைத்துவிடுவார். எனக்கு அந்த அவசரமில்லை. ஏனென்றால் பெயர்ச்சொல்லின் பக்கத்தில் நிற்கும் வினையை யாரும் கவனிப்பதில்லை.

தண்டால் எடு. பஸ்கி போடு. கர்லா சுற்று. கோதாவில் இறங்கு. பாரசீகமோ மராத்தியோ தெலுங்கோ, பெயர் எந்த முகாமிலிருந்து வந்தாலும் அதை உடம்புக்குள் வாங்கிய வினை தமிழ். கடன் வாங்கும்போது வினையையும் மொழிபெயர்த்து வாங்கியிருக்கலாம், செய்யவில்லை. இந்தியில் தண்ட் ‘பேல்னா’, அதாவது செக்கில் ஆட்டுவதைப் போல அழுத்திப் பிழிவது. தமிழில் அந்த எண்ணெய் வாடையே இல்லை. கீழே போன உடம்பை மேலே எடுப்பதுதான் தண்டாலின் கடினமான பாதி என்று கண்ட எவனோ ஒருவன் ‘எடு’ என்றான், அது நிலைத்தது. தோப்புக்கரணமும் குஸ்தியும் ‘போடு’ என்ற ஒரே வினையைப் பகிர்ந்துகொள்வது, கோயிலும் கோதாவும் ஒரே தெருவில் இருந்த காலத்தின் மிச்சம் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் வழக்கமான ஒட்டு ‘பண்ணு’: டைப் பண்ணு, கால் பண்ணு. ‘ஒர்க்-அவுட் பண்றேன்’ என்பதும் அப்படித்தான். ஆனால் ஜிம்மில் காது கொடுத்துக் கேட்டால், பயிற்சி சொல்லித்தருபவர் ‘புஷ்-அப் பண்ணு’ என்பதைவிட ‘இருபது புஷ்-அப் எடு’ என்பார். ‘ஸ்குவாட் போடு’ என்பார். தண்டால் போன இடத்தில் புஷ்-அப் வந்து உட்கார்ந்தது. தண்டாலின் வினை இடத்தைக் காலி செய்யவில்லை. பஸ்கி என்ற சொல்லையே கேட்டிராத இருபது வயதுப் பையன் பஸ்கியின் வினையைத் தினமும் சொல்கிறான்.

கர்லாவுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அந்த அசைவுக்கு ஜிம்மில் சரியான மாற்றுக் கருவி இல்லாததால் ‘சுற்று’ என்ற வினையும் சேர்ந்து வேலையிழந்தது. புதுச்சேரியிலும் சென்னையிலும் சிலர் கைக்கர்லா, புஜக்கர்லா, குஸ்திக் கர்லா என்று வகை பிரித்து மறுபடி சொல்லித்தருகிறார்கள். மேற்கே அதே கட்டையை இரும்பில் வார்த்துப் புதிய விலைக்கு விற்கிறார்கள். அந்த இரும்புக் கட்டை அத்திப்பட்டு ஜிம்முக்கும் ஒருநாள் ஆங்கிலப் பெயரோடு வரும். அதை ‘பண்ணு’வார்களா, ‘சுற்று’வார்களா என்பதை வைத்துத்தான் பழைய கூடத்தின் பேச்சு எவ்வளவு பிழைத்திருக்கிறது என்று சொல்ல முடியும்.