காமராஜ் ஆகாத நிரோத்

எண்பதுகளில் வாசுதேவநல்லூரில் சின்னப் பையன்களாக இருந்தவர்களுக்கு அந்த வெள்ளை பலூன் ஞாபகம் இருக்கும். வழவழப்பாக, ஒரு மாதிரி பவுடர் வாசனையோடு இருக்கும். கடை பலூனைவிடப் பெருசாக ஊதலாம். ஒருநாள் அதைக் கையில் வைத்திருந்ததற்கு அம்மா முதுகில் ஒன்று போட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. அதன் பேரையும் சொல்லவில்லை.

பேர் நிரோத். அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் நம்ம பக்கத்து விருதுநகர்க்காரர் ஒருவரும் வருகிறார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவில் ஆணுறை என்பது வெளிநாட்டிலிருந்து வரும் விலை கூடின சரக்கு. பெரிய ஊர் மருந்துக்கடைகளில்தான் கிடைக்கும். கல்கத்தா ஐ.ஐ.எம். ஆட்கள் அரசுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்: ஆஸ்பத்திரியை மட்டும் நம்பாதீர்கள், டீத்தூள், சோப்பு மாதிரி பெட்டிக்கடையில் வையுங்கள். அதற்கு முதலில் யோசித்த பேர் 'காமராஜ்'. மன்மதனின் பேர் என்ற அர்த்தத்தில்தான். ஆனால் அன்றைக்குக் காங்கிரஸ் கட்சியின் அகில இந்தியத் தலைவரே கு. காமராஜ்! அதுவும் கல்யாணமே செய்துகொள்ளாதவர். பேரை மாற்றாமல் என்ன செய்வார்கள்? 'தடுத்தல்' என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லான நிரோத் வந்தது.

1968-ல் விற்பனை தொடங்கியது. மூன்று ஆணுறை 15 பைசா. மிச்சச் செலவு அரசாங்கத்துடையது. புரூக்பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர், ஐ.டி.சி. போன்ற கம்பெனிகளின் வண்டிகளில் டீத்தூளோடும் சோப்போடும் இதுவும் ஊர் ஊராகப் போனது. 1969-ல் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் அரசின் இந்துஸ்தான் லேடெக்ஸ் ஆலை, ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத் தொழில்நுட்பத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. செங்கோட்டை தாண்டி மலையிறங்கினால் ரப்பர் தோட்டங்கள்தானே. ஆலை அங்கே அமைந்ததில் ஆச்சரியமில்லை.

அதுவரை 'அளவான குடும்பம்' மட்டும்தான் பேச்சு. 1986-ல் அது மாறியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவில் அதுதான் முதல் கண்டுபிடிப்பு. கர்ப்பத்தையும் பால்வினை நோயையும் சேர்த்துத் தடுக்கிற சாதனம் ஆணுறைதான். மாத்திரைக்கோ காப்பர்-டிக்கோ நோயைத் தடுக்கும் சக்தி கிடையாது. 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்த பிறகு, அந்தச் சொல் சுவர் விளம்பரங்களுக்கே வந்துவிட்டது.

சரி, சொல் வந்தது. பழக்கம் வந்ததா? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்தவர்கள். ஆண்கள் செய்துகொண்ட ஆபரேஷன் 0.3 சதவீதம். ஆணுறையை நம்பியிருப்பவர்கள் 9.5 சதவீதம். தமிழ்நாட்டிலோ ஆபரேஷன் செய்த பெண்கள் பாதிக்கும் மேல். 15 பைசாவில் முடிகிற விஷயத்தை ஆம்பிளை கேட்டு வாங்கக் கூச்சப்பட்டான். பொம்பளை வயிற்றில் கத்தி வைத்துக்கொண்டாள். இதற்கு வேறு மாதிரி கணக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

கூச்சத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. உபயோகிக்கும் முறையை யாரும் சொல்லித் தருவதில்லை. தேங்காய் எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலமிழந்து கிழியும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காலாவதி தேதியை எத்தனை பேர் பார்க்கிறோம்? ஒன்றுக்கு மேல் ஒன்று மாட்டினால் பாதுகாப்பு கூடாது, கிழிய வாய்ப்புதான் கூடும்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மருந்துக்கடையில் ஒரு பையன், கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நின்றான். என்னவென்று புரிந்த அண்ணாச்சி பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். கூட வந்த என் மகன், "என்னப்பா அது?" என்றான். எட்டாம் வகுப்பு. வெளியே வந்ததும் ஆணுறை என்று பேர் சொல்லி, எதற்கென்றும் சொன்னேன். "ஓ, அவ்வளவுதானா?" என்றான்.

அவ்வளவுதான்.