செயலிக்குள் ஒரு மீட்டர்: லினக்ஸில் பெர்ஃப் வந்த கதை

ஒரு நிரல் மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடிகாரம் எத்தனை நொடி ஆனது என்று மட்டும்தான் சொல்லும். அந்த நேரத்தில் செயலி உண்மையிலேயே கணக்குப் போட்டதா, அல்லது நினைவகத்திலிருந்து தகவல் வரட்டும் என்று சும்மா காத்திருந்ததா? இதைச் சொல்வதற்காகவே இன்றைய செயலிகளுக்குள் கவுண்டர்கள் இருக்கின்றன. வீட்டு மின்சார மீட்டர் யூனிட்டை எண்ணுவது போல இவை கேஷ் தவறுகளையும், முடிந்த கட்டளைகளையும் எண்ணுகின்றன.

1993ல் வந்த இன்டெல் பென்டியத்தில் இப்படி இரண்டு கவுண்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 40 பிட். ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் விதத்தை இன்டெல் எல்லோருக்கும் சொல்லவில்லை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் அந்த விவரம் கிடைத்தது. நார்வேயைச் சேர்ந்த டெர்ஜே மாதிசன் தானே நோண்டிக் கண்டுபிடித்து, 1994 ஜூலை பைட் இதழில் எழுதிவிட்டார்!

ரகசியம் வெளிவந்தாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. கவுண்டரில் எதை எண்ணுவது என்று அமைக்கும் உரிமை கெர்னலுக்கு மட்டுமே உண்டு. ஆகவே இயங்குதளத்தின் உதவி கட்டாயம் தேவை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருந்த மிக்கேல் பெட்டர்சன் இதற்காக எழுதியது பெர்ஃப்சிடிஆர் என்ற பேட்ச். ஜான் லெவன் தொடங்கிய ஓபுரொஃபைல் 2002ல் கெர்னலுக்குள்ளேயே இடம் பிடித்தது. ஆனால் அது முழுக் கணினியையும் கண்காணிக்கும் கருவி. இயக்குவதற்கு ரூட் அனுமதி வேண்டும். தன் நிரலை மட்டும் அளக்க நினைத்த விஞ்ஞானிகளுக்கு அது போதவில்லை. டென்னசி பல்கலைக்கழகத்தின் பாப்பி நூலகத்தை நம்பியிருந்தவர்கள் பெர்ஃப்சிடிஆரைத்தான் நாடினார்கள்.

இங்கேதான் பராமரிப்பின் கஷ்டம் தெரிகிறது. கெர்னலுக்கு வெளியே இருக்கும் பேட்சை, கெர்னல் மாறும்போதெல்லாம் திருத்த வேண்டும். பயனர்களும் ஒவ்வொரு முறையும் கெர்னலைப் புதிதாகத் தொகுக்க வேண்டும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் பெரிய கணினிகளில் எந்த நிர்வாகி இதற்கு எளிதில் சம்மதிப்பார்?

எச்பி ஆய்வகத்தின் ஸ்டெஃபான் எரானியன் இதற்குத் தீர்வாகப் பெர்ஃப்மான்2 என்ற பொதுவான அமைப்பை உருவாக்கி, கெர்னலில் சேர்க்கப் பல ஆண்டுகள் போராடினார். ஆனால் அது மிகப் பெரியது, பத்துக்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்கள் கேட்கிறது என்ற குறை சொல்லப்பட்டது. 2008 டிசம்பரில் தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் திடீரென்று வேறொரு வடிவமைப்பை முன்வைத்தார்கள். அதில் ஒரே ஒரு புதிய சிஸ்டம் கால்தான். எந்த நிகழ்வை எந்தக் கவுண்டரில் வைப்பது என்ற சிக்கலான வேலையைக் கெர்னல் செய்யலாமா என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. இருந்தும் 2009 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 2.6.31ல் அது சேர்ந்துவிட்டது. கூடவே பெர்ஃப் என்ற கருவியும் கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே வந்தது.

தோற்றவர்கள் என்ன செய்தார்கள்? எரானியன் கோபித்துக்கொண்டு போகவில்லை. பெர்ஃபுக்கே திருத்தங்கள் அனுப்பினார். நிகழ்வுகளின் பெயர்களைத் தரும் தன் லிப்பிஎஃப்எம் நூலகத்தையும் அதற்கு ஏற்ப மாற்றினார். பாப்பியும் பெர்ஃபுக்கு மாறியது. ஓபுரொஃபைல் 2012ல் பெர்ஃபின் வழியையே பயன்படுத்தத் தொடங்கியது. அதன் பழைய கெர்னல் பகுதி 2021ல் லினக்ஸ் 5.12ல் நீக்கப்பட்டது.

கெர்னலுக்குள் வந்ததால் கவலை தீர்ந்துவிடவில்லை. 2013ல் பெர்ஃப் பகுதியில் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. 64 பிட் எண்ணை 32 பிட்டாக எடுத்துக்கொண்ட ஒரே ஒரு வரி. அதை வைத்துச் சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிட முடிந்தது! 2016ல் வந்த லினக்ஸ் 4.6ல் சாதாரணப் பயனர் கெர்னலை அளப்பது இயல்பாகவே தடுக்கப்பட்டது.

புதுச் செயலி வரும்போதெல்லாம் நிகழ்வுப் பட்டியலும் மாறுகிறது. அதை யாராவது எழுதிச் சேர்க்க வேண்டும், சோதிக்க வேண்டும். கருவி நன்றாக ஓடும்வரை அவர்களை யாரும் நினைப்பதில்லை. அடுத்த முறை உங்கள் நிரல் மெதுவாக ஓடினால் பெர்ஃப் ஸ்டாட் என்று தட்டிப் பாருங்கள். திரையில் வரும் அந்த நாலைந்து எண்களுக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.